பதினெட்டு பவுண்டு பதினோரு அவுன்ஸ்

இதைக் கேட்கும்போது உங்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ பேர் முன்னால் நானே அதைச் சிரித்திருக்கிறேன். எங்கள் சபையில் ஒரு அம்மா சொப்பனத்தில் தரிசனம் கண்டேன் என்று எழுந்து சாட்சி சொன்னால், எத்தனை மணிக்கு, ராத்திரி என்ன சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்கிற ஆள் நான். ஆவி, பேய், காத்து கருப்பு எதுவும் எனக்குக் கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் சொல்வேன், ஆனால் லோத்குண்டாவில் நடந்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று யாராவது எனக்குச் சொல்லித் தரட்டும்.

என் பெயர் கிரேஸ். சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஹைதராபாத்துக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது, ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு. ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். வேலையே அளப்பதுதான். ஒரு உருப்படியை அளப்பது, எழுதுவது, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது. எழுதியதில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, அதற்கு மேலே சரியான எண், பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம். இந்த வழக்கம் என் கையில் ஊறிப்போனது, பால் கணக்கு நோட்டில்கூட நான் அப்படித்தான் திருத்துவேன்.

பழைய பீரங்கிக் குண்டு சேர்க்கிற பழக்கமும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். அடிப்பாகத்தில் பொடிப்பொடியாக எழுத்துகள் குத்தியிருக்கும். எந்தப் பீரங்கிக்கு, எந்தப் பட்டறையில், எந்த வருடம், யார் பார்த்துச் சரி என்று விட்டார்கள், எல்லாம் அதிலேயே இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதை வாசிக்கிற சந்தோஷம் எனக்கு எந்த நாவலிலும் கிடைத்ததில்லை. வீட்டில் நாற்பது உருப்படிக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் காலி. வருகிறவர்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ஜெபராஜிடம் திரும்பி, "சார், உங்க கலெக்‌ஷன் பிரமாதம்" என்பார்கள். அவருக்கு இதில் ஒரு இழவும் தெரியாது. காப்பி கொண்டுவருகிற என்னைப் பார்த்து, "மேடம், தூசி தட்டறது கஷ்டம் இல்லையா" என்று கேட்பார்கள். அது வேறு கோபம், அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

லோகநாதன் மட்டும் அப்படிக் கேட்கவில்லை, அதனாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை. நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்திலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று ஊர் உருது பேச்சில் கலந்து வரும். லோத்குண்டாவில் ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. அதை அபார்ட்மென்ட் கட்டக் கொடுக்கப்போகிறார்கள், சாமான்களை ஒழிக்கிறார்கள். கூடத்துக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து ஒரு குண்டு நிற்கிறது, அவருடைய அப்பா காலத்துச் சாமான், அது என்ன, என்ன மதிப்புப் பெறும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று யாரிடமோ என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார்.

போனது காலை பதினோரு மணிக்கு. நன்றாகக் கவனியுங்கள், பட்டப்பகல். கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை, வாசலில் ஒரு ஆள் வெங்காயம் விற்றுக்கொண்டு போனான். நான், ஜெபராஜ், லோகநாதன், அவர் மனைவி சரோஜா, நான்கு பேர் கூடத்தில் இருந்தோம்.

குண்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அறுபது வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மூக்கில் இருந்தது வெறும் அடைப்பானா, வெடிக்கவைக்கிற திருகா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் பெயின்ட். விட்டத்தை அளந்தேன். பதினெட்டு பவுண்டர் என்கிற பழைய பிரிட்டிஷ் பீரங்கியின் குண்டு, சந்தேகமே இல்லை. உள்ளே ஈயக் குண்டுகளை அடைத்து, ஆகாயத்தில் போகும்போதே சிதறவிடுகிற வகை. இடுப்பில் ஒரு செம்புப் பட்டை இருக்கும், பீரங்கியிலிருந்து சுட்டிருந்தால் அதில் சாய்வாக வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும். விரலால் தடவினேன், பெயின்ட்டுக்கு அடியில் வரிகள் தட்டுப்பட்டன. சுடப்பட்டது. இந்த வகையைச் சுட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வானத்திலேயே கொட்டிவிடும், வெறும் கூடுதான் தரைக்கு வரும். அப்படியும் கொட்டாமல் முழுதாக வந்து விழுவது உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எடை. காலி என்றால் நாலு கிலோ, முழுசு என்றால் எட்டரை.

"ஏங்க, கொஞ்சம் தூக்கி வைங்க" என்றேன். ஜெபராஜ் தூக்கித் தராசில் வைத்தார். ஒரு கையால்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குத் தோள்பட்டை இறுகிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சட்டை மாட்டுவதற்கே நான் கை பிடிக்க வேண்டும். அந்த மனிதர் அந்தக் கையாலேயே தூக்கி வைத்துவிட்டு, "லேசாத்தான இருக்கு, கிரேசு" என்றார்.

தராசு என்னுடையது. எங்கே போனாலும் இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றைக் கூடவே கொண்டுபோவேன், முதலில் அதை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டுத்தான் உருப்படியை வைப்பேன். வைத்தேன், 2.000 காட்டியது. குண்டை வைத்தோம், 3.905. எடுத்துத் திருப்பி வைத்தோம், 3.905. படுக்கவைத்து ஒரு தரம், அதே 3.905. நோட்டில் எழுதினேன். லோகநாதன் எட்டிப் பார்த்து அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார்.

சரோஜா மட்டும், "இவ்ளோதானா வெய்ட்டு? பெருக்க வர்ற பொண்ணு இதைத் தள்ளவே முடியாம திட்டிக்கிட்டே பெருக்குவாளே" என்றார். நான் காதில் வாங்கவில்லை. தராசு சொல்லும்போது பெருக்க வருகிறவள் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் என் முகம் சூடாகிறது.

"காலிதான்" என்று சொல்லிவிட்டேன். "ஆனா பெயின்ட்டோட வச்சுக்கிட்டு மதிப்பு சொல்ல முடியாதுங்க. அடியில இருக்கற எழுத்து தெரியணும். வருஷமும் பட்டறை முத்திரையும் தெரிஞ்சா வாங்கறவங்க வேற மாதிரி பேசுவாங்க. மினுமினுன்னு பாலீஷ் மட்டும் போட்டுறாதீங்க, போட்டா மதிப்பு போச்சு."

"ஹவ் மேடம், நாளைக்கு எட்டு மணிக்கே வெல்டிங் கடைக்காரன வரச்சொல்லிடறேன். நெருப்பு காட்டினா பத்து நிமிஷத்துல உரிஞ்சி வந்துடும்" என்றார் லோகநாதன்.

இரும்புதானே, காலிதானே. "சரி, மெதுவா காட்டச் சொல்லுங்க" என்றேன். சந்தேகம் இருக்கிற எதையும் தொடாதே, நெருப்பருகில் கொண்டுபோகாதே, போலீசுக்குச் சொல் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான் சொன்ன வார்த்தை அது.

நோட்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். ஆட்டோவில் பை என் மடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு லோகநாதனுக்கு விவரம் எழுதித் தரலாம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

என் நீல மையில் 3.905. அதன் மேல் ஒரே ஒரு கோடு, அளவுகோல் வைத்த மாதிரி நேராக. அதற்கு மேலே வேறு ஒரு கையெழுத்தில், 18 lb. 11 oz. பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், சுருக்கொப்பம். என்னுடையது இல்லை.

மை இல்லை, பென்சில். கறுப்பாகவும் இல்லை, மங்கலான ஒரு ஊதா. நாக்கில் தொட்ட விரலை ஓரத்தில் வைத்தேன், பளீரென்று கத்தரிப்பூ நிறத்தில் பரவியது. அந்தக் காலத்தில் பார்சலிலும் பதிவேட்டிலும் எழுதுகிற, தண்ணீர் பட்டால் மையாக மாறுகிற காப்பியிங் பென்சில். அதை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும்.

ஜெபராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நீயே எழுதிட்டு மறந்துருப்ப."

"பவுண்டுலயா? நான் என்னைக்கு பவுண்டுல எழுதியிருக்கேன்?"

"புத்தகத்துல படிச்சது மனசுல கெடந்துருக்கும். தூக்கக் கலக்கத்துல கை எழுதிட்டு."

மத்தியானம் நான் தூங்கவே இல்லை. அதையும் விடுங்கள். புத்தகத்தில் இந்தக் குண்டின் முழு எடை பதினெட்டரை பவுண்டு, அதாவது பதினெட்டு பவுண்டு எட்டு அவுன்ஸ். அதுதான் என் மனதில் கிடக்கும். நோட்டில் இருந்தது பதினோரு அவுன்ஸ். மூன்று அவுன்ஸ் அதிகம். அறுபது பொங்கலுக்கு அடித்த பெயின்ட் எவ்வளவு எடை இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியதும் தராசை வெளியே எடுத்து எடைக்கல்லை வைத்தேன். 2.000. ஒரு குறையும் இல்லை.

லோகநாதனைக் கூப்பிட்டேன். "லோகநாதன் சார், அந்த வெல்டிங் ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க. குண்டை யாரும் தொடாதீங்க. நீங்க எல்லாரும் வெளியில வந்துருங்க."

"என்னா மேடம், காலைல காலின்னீங்க. இப்ப கைக்கு இப்படி பேசறீங்க?"

"காலி இல்லன்னு நினைக்கேன்."

"நினைக்கிறீங்களா?" சிரித்தார். "நக்கோ மேடம், பயமுறுத்தாதீங்க. அது மேல உக்காந்துதான் நான் ஷூ போடுவேன்."

இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று போலீசுக்குச் சொல்லிவிட்டு, நாங்களும் ஆட்டோ பிடித்துத் திரும்பவும் லோத்குண்டா போனோம். சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார், நல்ல மனிதர், தெலுங்கில் பொறுமையாகக் கேட்டார். காலையில் காலி என்று சொன்ன நீங்கள் சாயங்காலம் எப்படி முழுசு என்கிறீர்கள்?

நான் என்ன சொல்ல? யாரோ என் நோட்டைத் திருத்தியிருக்கிறார்கள் என்றா? சொன்னால் அவர் என்னை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியிருப்பார், மறுநாள் எட்டு மணிக்கு வெல்டிங்காரன் நெருப்போடு வந்திருப்பான். அதனால் சொன்னேன். "எடை பார்க்கும்போது தப்புப் பண்ணிட்டேன் சார். தராசைச் சரியாப் பார்க்கல."

எழுதிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் என் அளவில் தப்பு என்று ஒரு உருப்படி திரும்பி வந்ததில்லை. வேலையை விட்ட பிறகு, செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஒரு போலீஸ் தாளில் கையெழுத்துப் போட்டேன். லோகநாதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த முகத்தில் இருந்த எகத்தாளத்தை நான் மறக்கவில்லை. "நாலு பேர் முன்னால மூணு தடவ வச்சிப் பார்த்தாங்க சார், இப்ப தப்புன்றாங்க" என்று அவர் சொன்னது உண்மைதானே, அவரை நான் எப்படி மறுக்க முடியும்?

வீட்டைக் காலி செய்யவைத்து வாசலில் ஆள் போட்டார்கள். காலையில் வெடிகுண்டு அகற்றுகிறவர்கள் மணல் பெட்டியோடு வந்தார்கள். தெருமுனையில் நின்று பார்த்தேன். அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் ஒருவர் வெளியே கொண்டுவந்தார், பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிவருவது போல. ஜெபராஜ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

உள்ளே எல்லாம் முழுசாக இருந்தது. ஈயக் குண்டுகள், அவற்றைத் தள்ளிவிடுகிற கருமருந்து, ஈரம் படாமல் காய்ந்து. மூக்கில் இருந்தது அடைப்பான் இல்லை. தங்கள் இடத்துக்குக் கொண்டுபோய் ஒழித்துவிட்டார்கள். கொண்டுபோவதற்கு முன் பதிவேட்டுக்காக எடை போட்டிருந்தார்கள். அது எவ்வளவு என்று கேட்டு நான் மூன்று தடவை போன் செய்தேன், கடைசியில் அந்த அதிகாரி அலுத்துப்போய்ச் சொன்னார். எட்டு கிலோ நானூற்று எழுபத்தைந்து கிராம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். பதினெட்டு பவுண்டு பதினோரு அவுன்ஸ். ஒரு கிராம் இப்படி அப்படி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. லோகநாதனும் சரோஜாவும் ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, "எங்க உயிரக் காப்பாத்தினீங்க மேடம்" என்று அழுதார்கள். "நான் இல்லங்க, நான் காலின்னுதான் சொன்னேன், நெருப்பு காட்டுங்கன்னு சொன்னவளே நான்தான்" என்று நோட்டை எடுத்துக் காட்டினேன். லோகநாதன் பக்கத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு குழந்தையிடம் பேசுகிற குரலில், "பெரியவங்க நீங்க, உங்களுக்குப் பெருமை பிடிக்காது" என்றார். பெருமையாம்.

இந்த மாதிரிச் சாமான் சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இருந்தேன். மேடத்தின் அனுபவம், மேடத்தின் உள்ளுணர்வு என்று ஒரே கைதட்டல். உள்ளுணர்வு என் தராசில் 3.905 என்றுதானே காட்டியது என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்றாம் நாள் ஒருவர், இப்படிக் கதை கட்டிவிட்டால் மேடத்தின் சேகரிப்புக்கும் மதிப்பு ஏறும் என்று எழுதினார். நான் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் பக்கத்தை நேரில் காட்டினேன். அரை மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "உன் கையெழுத்து இல்லம்மா, இது பரிசோதனை வேலை பழகின கை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒருவராவது சொன்னாரே என்று. அடுத்த வாக்கியம், "எதுக்கும் ஒரு தடவ தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துரு."

ஆறுதல் சொல்கிறவர்கள் நல்ல ஆவி, தேவதூதன், அந்தக் குண்டைச் செய்த யாரோ புண்ணியவான் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் காலையில் அதை லேசாக்கி என்னை ஏமாற்றியது யார்? என்னை முட்டாளாக்கிவிட்டுப் பிறகு என் நோட்டைத் திருத்துவது எந்த ஊர் நியாயம்? இதற்கு எந்தப் புண்ணியவானும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை நான் ஜெபராஜைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என் வீட்டுச் சாமான்களின் பதிவேட்டை எடுத்து, புதிதாக வாங்கிய ஒன்றைச் சேர்க்கப் போனேன். பதினேழாவது பக்கத்தில் ஒரு பித்தளைக் கூடு. மௌலா அலியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாய் திறந்த வெறும் கூடு, குனிந்தால் அடிப்பாகம் தெரியும், வெடிப்பதற்கு அதில் எதுவுமே கிடையாது. அதன் எடைக்கு மேல் ஒரு கோடு. மேலே ஊதாப் பென்சிலில் வேறு எண், என்னுடையதைவிட ஆறு அவுன்ஸ் அதிகம். பக்கத்தில் அதே இரண்டு எழுத்துகள்.

கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

"தராசுல வச்சுப் பாத்துற வேண்டியதுதான" என்கிறார் ஜெபராஜ். தராசு அதே அறையில்தான் இருக்கிறது, நாலடி தூரம்கூட இல்லை. வாழ்நாள் முழுவதும் சந்தேகம் வந்தால் அளந்து பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தவள் நான். தினமும் அந்த அறையில் உட்கார்ந்து துணி தைக்கிறேன், அந்தக் கூட்டைத் தாண்டித்தான் எழுந்து போகிறேன். இன்றைக்கு வரைக்கும் அதை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை.